மூன்று தட்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று நம் ஆபீசை நடத்தும் மேடம் கேட்டார். இரண்டு தடவை மாட்டேன் என்றேன். மூன்றாவது தடவை போன் செய்தபோது, "நீங்க எழுதலன்னா வேற யாராவது அத அழகா எழுதிடுவாங்க, பரவாயில்லையா?" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். அழகாக இருக்காது.

தஞ்சாவூரில் ஓர் உரக்கடையின் மாடியில் இந்த ஆபீஸ் தொடங்கிய நாளிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாள் வரை என் வேலை ஒன்றுதான். திகில் கேம்களில் வரும் எதிரிகளைச் செய்வது. கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன். பேய்க்கு நடை பழக்கிவிடுகிறேன் என்று சொன்னால் நம்புவார்களா, இல்லை பெண்தான் கொடுப்பார்களா?

நீங்கள் எல்லோரும் தட்டுக்காரனைப் பற்றித்தான் கேட்க நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் செய்த எதிரிகளிலேயே ஜனங்களை நிஜமாக நடுங்க வைத்தது அவன் ஒருவன்தான். இன்றைக்குக் கேமை இறக்கிப் பார்த்தால் அவன் இருக்க மாட்டான். ஏன் எடுத்தோம் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனியோடு தகராறு என்கிறான் ஒருவன். என் அக்கா வீட்டுக்காரரின் நடையை அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். எடுத்தது நான், அதற்கு விலை கொடுக்கப் பார்த்தது நாலு பிள்ளைகள். விஷயம் இவ்வளவுதான். இனி முதலிலிருந்து வருகிறேன்.

தட்டுக்காரனுக்கு முன்னால் அதே இடத்துக்கு நான் செய்து வைத்திருந்த எதிரி ஏழடி உயரம். வாய் காதுவரை கிழிந்திருக்கும். கோரைப்பல், ரத்தம், தலைவிரி கோலம், குறைச்சலே இல்லை. கேமில் அந்த லெவல் தண்ணீர் வராத ஒரு வாய்க்காலுக்குள் நடக்கிறது. விளையாடுகிறவன் அதற்குள் ஓடி ஒளிந்து ஊரைக் கடக்க வேண்டும். அப்போது எங்களிடம் டெஸ்டராக இருந்தவர் ஷாகுல். அதிராம்பட்டினத்துக்காரர், சவூதியில் ஏழு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர், எதற்கும் அசைய மாட்டார். என் ஏழடி அரக்கன் அவர் மேல் பாய்ந்து கழுத்தைக் கடிக்கும்போது அவர் ஒரு கையால் நேந்திரங்காய் சிப்ஸ் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். "நல்லா இருக்குண்ணே, கொஞ்சம் உசரத்தக் குறைச்சா பாலத்துல இடிக்காது" என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கேமை வெளியிடும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, விளையாடிப் பார்க்கிற மாதிரி ஒரு பில்ட் அனுப்ப இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மேடம் என்னைத் திட்டவில்லை. அவர் திட்டுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார். பகல் பதினொரு மணி. கீழே உரக்கடையில் மூட்டை இறக்குகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் யாரோ படியேறி வருவது கேட்டது. பாதிப் படியில் நின்றது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. நாங்கள் பன்னிரண்டு பேர், வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரம், ஆனாலும் பக்கத்திலிருந்தவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். பிறகு டீக்காரர் உள்ளே வந்தார். போனை எடுக்க நின்றிருக்கிறார், வேறொன்றும் இல்லை.

"பல்லைக் காட்டிட்டு வர்றவனுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுபோச்சு. கடிக்கணும், அவ்ளோதான்," என்றார் மேடம். "ஒருத்தன் வந்து நிக்கிறான், என்ன வேணும்னே தெரியல, மரியாதையா வேற பேசுறான். அவனச் செஞ்சுட்டு வாங்க."

அவர் சொன்னதில் எல்லாம் அடங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதோடு சேர்த்துக்கொண்டது கொஞ்சம்தான். எதிரிக்கு விளையாடுகிறவனைத் துரத்துவதைத் தவிர வேறு ஒரு வேலை இருக்க வேண்டும். அந்த வேலையை அவன் ஒழுங்காகச் செய்ய வேண்டும், தினமும் செய்கிறவன் மாதிரி. அவன் ஓடக் கூடாது. ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்கும், மூச்சு வாங்குகிறவனிடமிருந்து தப்பிக்கலாம் என்று விளையாடுகிறவனுக்குத் தோன்றிவிடும். அப்புறம், அவன் சும்மா நிற்க வேண்டும். திகில் கேமில் ஜனங்களைக் கொல்லுவது அந்தச் சும்மா நிற்கிற நேரம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். வலங்கைமான் பக்கம், பெரிய வாய்க்கால் கரையில் வீடு. பின்கட்டுக் கதவைத் திறந்தால் நாலு எட்டில் வாய்க்கால். அத்தான் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகுகளின் ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும், எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்ப்பதும்தான் லஸ்கரின் வேலை. முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி வைத்திருப்பார். ஷட்டரைத் திருகுகிற சாவி.

கோடையில் காய்ந்து கிடக்கிற வாய்க்காலில் பிள்ளைகள் விளையாடும், ஆடு மேயும், குறுக்கு வழியாக ஆட்கள் நடப்பார்கள். அதனால் தண்ணீர் திறக்கும்போது அத்தானின் ஆட்கள் காலங்காலமாக ஒன்று செய்வார்கள். ஷட்டரைத் தூக்குமுன் சாவியால் இரும்பில் மூன்று தட்டுத் தட்டி, "உள்ள யாரும் இருக்கீங்களா? ஏறி வந்துடுங்க" என்று கூப்பிடுவார்கள். அப்புறம் நின்று காது கொடுத்துக் கேட்பார்கள். ஒரு சத்தமும் இல்லை என்றால்தான் திருகுவார்கள்.

ஒரு வருஷம் அத்தான் தட்டவில்லை. முதல் தண்ணீர் வருகிற நாள். மேளம், பூ, விதைநெல் என்று மதகைச் சுற்றி ஒரே கூட்டம். முக்கியஸ்தர்கள் போட்டோவுக்கு நின்றுகொண்டு, திறங்க திறங்க என்று அவசரப்படுத்தினார்கள். அவரும் திருகிவிட்டார். கீழே வாய்க்காலில் அவருடைய மகள் பிரியா இருந்தாள். நாலாவது வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா தண்ணீர் திறக்கிறதைப் பார்க்கக் குறுக்கு வழியில் ஓடி வந்திருக்கிறாள். அடுத்த மதகுக் கம்பியில் அன்றைக்குச் சாயங்காலமே கிடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அத்தான் தினமும் நடந்தார். தண்ணீர் இருந்தாலும் நடப்பார், இல்லாவிட்டாலும் நடப்பார். மதியம் சாப்பிட்டுக் கைகழுவியதும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒவ்வொரு மதகிலும் மூன்று தட்டு. "உள்ள யாரும் இருக்கீங்களா? ஏறி வந்துடுங்க." பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். நிற்பார் என்றால் அப்படி நிற்பார், பார்க்கிற நமக்கு மூச்சு முட்டும். அப்புறம் அடுத்த மதகுக்குப் போவார். ஊரில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எதிரே வருகிறவர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நின்று வழி விடுவார்கள். அக்கா அவர் வருகிற நேரத்துக்குக் காபி போட்டு வைப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர் பின்னாலேயே போனேன். போனில் யாரோடோ பேசுகிற மாதிரி காதருகே வைத்துக்கொண்டு சத்தத்தை எடுத்தேன். கீழே பிடித்துக்கொண்டு நடையை வீடியோ எடுத்தேன். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "வெயில்ல எதுக்கு மாப்ள வர்ற, தலைக்குத் துண்டு போட்டுக்க" என்றார். போட்டுக்கொண்டேன், எடுத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று நாளில் தட்டுக்காரன் தயார். விளையாடுகிறவன் காய்ந்த வாய்க்காலுக்குள் இருக்கிறான். தூரத்தில் மூன்று தட்டு. மரியாதையான ஒரு குரல், ஏறி வந்துடுங்க என்று. அப்புறம் அந்த நிற்கிற நேரம். கேமில் நான் வைத்த விதி இது: தட்டுச் சத்தம் கேட்டால் பாலத்தடிக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு சத்தம் போடாமல் இருக்க வேண்டும். குரலை நம்பி ஏறி வந்தவன் செத்தான். ஷாகுல் அன்றைக்கும் சிப்ஸ் பொட்டலத்தோடுதான் உட்கார்ந்தார். இரண்டாவது மதகில் பொட்டலத்தைக் கீழே வைத்தார். மூன்றாவது மதகில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணே, அந்த ஆளு எதக் கேட்டுகிட்டு நிக்கிறான்?" என்றார். அவர் பயந்துவிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேடம் முழுதாக விளையாடிப் பார்த்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தார். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார். சும்மா யோசித்தேன் என்றேன்.

"சும்மா வர்றதில்ல இது. யாரோடதோ. யாரோடதா இருந்தாலும் போய்க் கேட்டுட்டு வந்துடுங்க," என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்டால் அத்தான் வேண்டாம் என்று சொல்வார் என்ற பயம்கூட இல்லை. அவர் சரி என்று சொல்லிவிடுவார், அப்படி ஒரு மனிதர். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் கேட்கவில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆனது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லோர் வீட்டிலிருந்தும் ஆட்கள் ஆபீசுக்கு வந்தார்கள். கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரி கடலை படைப்போம், உங்களுக்கும் தெரியும். வந்தவர்கள் பார்க்கட்டும் என்று முன் ஹாலில் பெரிய திரையில் கேமை ஓடவிட்டிருந்தோம். அக்கா பஸ் பிடித்துச் சுண்டல் டப்பாவோடு வந்தாள். அத்தானுக்கு மதியம் நடை இருக்கிறதே, அவர் வரவில்லை. அக்கா வருவாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எந்த லெவல் ஓடும் என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க என் புத்திக்குத் தோன்றவில்லை. அவ்வளவு தூரம் அது என் சரக்கு ஆகிவிட்டது.

அவள் திரையைப் பார்க்கவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். மூன்று தட்டு கேட்டதும் கை நின்றது. திரும்பினாள். முகத்தை மாற்றியிருந்தேன், சட்டையை மாற்றியிருந்தேன், ஒரு அடி உயரமும் கூட்டியிருந்தேன். முப்பது வருஷம் காபி போட்டு வைத்துக்கொண்டு அந்த நடையைப் பார்த்திருக்கிறவளிடம் இதெல்லாம் எடுபடுமா?

"அவருதான ஏறி வரச் சொல்றாரு. ஏன் அந்தப் புள்ள ஓடி ஒளியுது?" என்று கேட்டாள்.

ஏறி வந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்றேன். முடிந்துவிடும் என்றால் என்ன என்றாள். நான் பதில் சொல்லுமுன் ஷாகுலின் தங்கை மகன் விளையாட்டில் தோற்றுவிட்டான், தட்டுக்காரன் சாவியை ஓங்கினான், அவள் பார்த்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் ஓவென்று கத்திச் சிரித்தார்கள். அக்கா பயப்படவில்லை. நான் செய்ததிலேயே பெரிய பயம் அவளிடம் ஒன்றும் செய்யவில்லை. அவர் எதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும் அல்லவா? தெரியாத நமக்குத்தான் அது திகில். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அது. அதை என் அக்காவை வைத்தா கற்றுக்கொள்ள வேண்டும்?

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். பஸ் ஏறும்போது, "எடுத்துடுறா, அவரு காதுக்குப் போவறதுக்குள்ள எடுத்துடு" என்றாள். சரி என்றேன்.

எடுக்கவில்லை. கேம் வெளியாக ஒரு மாசம்கூட இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் தட்டுக்காரனை வைத்தே விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். மேடத்திடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பார், அதனால் அவரிடம் சொல்லவில்லை. அக்கா போனில் கேட்டபோது எடுத்துட்டேன்க்கா என்று ஒரே வார்த்தையில் பொய் சொன்னேன். நெருக்கடியில் எடுக்கிற முடிவு என்று உங்களுக்குப் பெரிதாக வகுப்பெடுப்பார்கள். எனக்குத் தெரிந்து நெருக்கடியில் முடிவு எடுக்கிறவர்கள் குறைவு. நாள் ஓடட்டும் என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

கேம் நன்றாகப் போனது. பிறகு போனில் விளையாடுகிற மாதிரியும் வந்தது, அதுவும் இலவசமாக. டவர் இருக்கிற ஊருக்கெல்லாம் போனது. அக்காவின் ஊருக்கும் போனது. அங்கே பிள்ளைகள் பார்த்தார்கள். அவர்களுக்குக் கேமில் வந்த ஆள் புதியவன் இல்லை. அவர்கள் ஊர்க் கரையிலேயே அவன் தினமும் நடக்கிறான்.

ஒருநாள் மதியம் அத்தான் இரண்டாவது மதகுக்குப் போகும்போது அங்கே ஏற்கெனவே தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பயல் கல்லால் தட்டுகிறான், இன்னொருவன் அவர் குரலிலேயே கூப்பிடுகிறான், மற்றதுகள் வாய்க்காலுக்குள் ஓடி ஒளிகின்றன. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு போகவே இல்லை. அக்கா எனக்குப் போன் செய்தாள். கத்தவில்லை, அழவில்லை. "எடுத்துட்டேன்னு சொன்னீல்ல," என்றாள். "இப்ப மதியம் ஆனா செவத்தப் பாத்துகிட்டு உக்காந்திருக்காரு. நடந்துகிட்டாவது இருந்தாருடா." போனை வைத்துவிட்டாள்.

அப்போதும் நான் மேடத்திடம் போகவில்லை. முதலில் அத்தானிடம் நேரில் சொல்லிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லப் போவதற்கே இரண்டு மாசம் ஆக்கினேன். போன நாள், வாய்க்காலில் தண்ணீர் திறக்கிற நாளாக அமைந்தது.

காலை பத்து மணி இருக்கும். அத்தான் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் ஸ்டூலில். அவர் என்னிடம் ஊர் விஷயம் கேட்டார், பிள்ளைகள் படிப்பைக் கேட்டார், நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மேல் மதகிலிருந்து மேளச் சத்தம் வந்தது. பிறகு மேளம் நின்றது. மூன்று தட்டு கேட்டது. புதிதாக வந்திருக்கிற லஸ்கர் நல்ல பையன், பழக்கத்தை விடவில்லை. யாரும் இருக்கீங்களா, ஏறி வந்துடுங்க என்று கூப்பிட்டான். வாய்க்காலில் ஒரு ஈ காக்கை இல்லை. உடனே மேளம் மறுபடி ஆரம்பித்தது. தட்டினான், கூப்பிட்டான், நின்று கேட்கத்தான் மறந்துவிட்டான்.

அத்தான் தலையைச் சாய்த்தார். பழைய மாதிரியே.

"சிரிப்பு கேக்குது மாப்ள," என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் அதற்குள் எழுந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் வண்டிப் பாதை வாய்க்காலைக் கடக்கிற இடத்தில் ஒரு சின்னப் பாலம், அதன் கீழே சிமெண்டுக் குழாய். ஆள் குனிந்து தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலம்தான். அத்தான் கரையிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கினார். அறுபத்தாறு வயசு. மேல்பக்கத்துக் குழாய் வாயில் குனிந்து, வாழ்நாளெல்லாம் கூப்பிட்ட பழக்கத்தில் கூப்பிட்டார். "உள்ள யாரும் இருக்கீங்களா? ஏறி வந்துடுங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. இப்போது எனக்கும் கேட்டது. உள்ளே ஏதோ உரசிக்கொண்டு நடுவுக்கு நகர்கிற சத்தம். நான் செய்த கேமில் அந்தக் குரலைக் கேட்டால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள். உள்ளே போனார்கள். வாயை மூடிக்கொண்டார்கள்.

"அத்தான், கூப்பிடாதீங்க. நீங்க கூப்பிட்டா உள்ள போவாங்க."

அவர் ஏன் என்று என்னைப் பார்த்தார். பதில் சொல்ல நேரம் இல்லை. மேலே வளைவில் தண்ணீர் திரும்பிவிட்டது. முதல் தண்ணீரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அலையெல்லாம் அடிக்காது. சருகு, செருப்பு, பாட்டில் எல்லாவற்றையும் உருட்டித் தள்ளிக்கொண்டு ஒரு பழுப்பு நுரை மெதுவாகத்தான் வருகிற மாதிரி இருக்கும். குழாய் வாயை அது அடைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நான் கீழ்ப்பக்க வாய்க்கு ஓடி மண்டியிட்டேன். இருட்டில் நாலு ஜோடிக் கண்கள் தெரிந்தன. தண்ணீர் வருது என்று கத்தினேன். நகரவில்லை. கேமில் தட்டுக்காரனும் சில சமயம் அப்படித்தான் சொல்லுவான். அந்த வசனத்தை எழுதியதும் நான்தான்.

அப்புறம் எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. "டேய், நான்தான்டா அந்த கேமச் செஞ்சவன்," என்றேன். "லெவல் முடிஞ்சுபோச்சு. நீங்க ஜெயிச்சுட்டீங்க. வாங்க, வெளிய வாங்க, ஜெயிச்சுட்டீங்க."

ஒருவன் வந்தான். சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். அடுத்தவன் வந்தான். மூன்றாவதாக வந்தவன், நிஜமாவா, ஜெயிச்சுட்டோமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். நாலாவது ஒரு பெண்பிள்ளை, ஏழெட்டு வயசு இருக்கும், சுருண்டு உட்கார்ந்துவிட்டது. என் கை எட்டவில்லை. மேல்பக்கம் குழாய்க்குள் வெளிச்சம் மறைந்தது. தண்ணீர் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அத்தான். முழங்கையை ஊன்றித் தவழ்ந்து வந்து அந்தப் பிள்ளையை முன்னால் தள்ளினார். அவர் பின்னாலேயே தண்ணீர் வந்தது. பிள்ளை என் கைக்கு வந்த பிறகு, அவர் தோளைப் பிடித்து நானும் ஓடி வந்த அக்காவும் இழுத்தோம். தாடை வரை நுரையோடு வெளியே வந்தார். இரண்டு முழங்கையிலும் தோல் இல்லை.

அன்றைக்கு மதியமே மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் தட்டுக்காரனை எடுத்துவிட்டார். அந்த மாசத்தோடு நான் ஓய்வு பெற்றேன். உங்களிடம் வயசு ஆகிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள், அதுவும் பொய் இல்லை. ஏற்கெனவே இறக்கி வைத்துக்கொண்டவர்களின் போனில் அவன் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறான், அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்களும் எதிரிகளைச் செய்வீர்கள். நன்றாகச் செய்யுங்கள், செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவன் நடை எங்கிருந்து வந்தது என்று மேடம் கேட்டால் மட்டும், சும்மா யோசித்தேன் என்று சொல்லாதீர்கள்.

கரையில் நடந்ததில் ஒன்று மிச்சம் இருக்கிறது. வாய்க்கால் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பெண்பிள்ளையைப் புடவைத் தலைப்பால் துவட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் நனைந்த வேட்டியோடு எதிரே உட்கார்ந்து, திட்டாமல், தன்மையாகத்தான் கேட்டார். "தட்டுனது கேக்கலையாம்மா?"

"கேட்டுச்சு தாத்தா."

"கேட்டும் ஏன் ஏறி வரல?"

"மூணு தட்டு கேட்டா ஒளிஞ்சுக்கணும்ல. ஏறி வந்தா செத்துடுவோம்."

"யாரு சொன்னா அப்படி?"

பிள்ளை என்னைக் கை காட்டியது. "இந்த மாமாதான். இவங்கதான் அந்த கேமச் செஞ்சாங்களாம்."

அத்தான் என் பக்கம் திரும்பினார். பயல்கள் கல்லால் தட்டியதும், சாவியை ஆணியில் மாட்டியதும், நான் வெயிலில் பின்னால் வந்ததும் எல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாகச் சேர்வது முகத்தில் தெரிந்தது. நான் எழுந்து போகவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"ஏறி வரச் சொல்லித்தான மாப்ள தட்டுனேன்," என்றார்.